உப்பும் நுகமும்: சிறுபாணாற்றுப்படையில் வளம் பேணும் பொறுப்பு – மரக்காணம் உப்பளக் கடற்கரையை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட சிறுபாணாற்றுப்படை இதுவரை பெரும்பாலும் கொடைச்சிறப்பு, வறுமைச்சித்திரிப்பு, உவமைநயம் ஆகிய நோக்குகளிலேயே திறனாயப்பட்டுள்ளது. அப்பாட்டை அது எழுந்த நிலமாகிய மரக்காணம் சார்ந்த உப்பளக் கடற்கரையிலிருந்து வாசிக்கும்போது, கொடுத்தல் என்னும் செயலினும் தாங்குதல் என்னும் செயலுக்கே அது முதன்மை தருவது புலப்படுகிறது. உமணரைப் பாடும் பிற சங்கப் பாடல்களோடும் தற்காலப் புனைவோடும் இவ்வாசிப்பை ஒப்பிட்டு, வளங்களைப் பொறுப்புடன் பேணுதல் என்பதற்குத் தமிழ் மரபு தரும் பொருளையும் அதன் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சிறுபாணாற்றுப்படை, ஓய்மானாடு, எயிற்பட்டினம், உமணர், உப்பளம், புரத்தல், வளம் பேணல்.

முன்னுரை

வளங்களைத் தன் உடைமையாகக் கருதாமல், பிறர்பொருட்டும் பின்வருவோர்பொருட்டும் பொறுப்பேற்றுப் பேணுதல் என்னும் கருத்து அண்மைக்காலச் சூழலியல் உரையாடல்களில் நடுவிடம் பெற்றுள்ளது. ஆங்கிலத்தில் இதனைக் குறிக்கும் சொல் பெருமனையின் பண்டகப் பொறுப்பாளரைச் சுட்டிய பழஞ்சொல்லிலிருந்து பிறந்தது. பொருள் வேறொருவருக்கு உரியது, பேணுபவர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் என்னும் உறவு அச்சொல்லுக்குள் அடங்கியுள்ளது. தமிழில் அறங்காவல், பொறுப்புரிமை, பேணல் எனப் பல சொற்கள் இதற்கு ஈடாக வழங்கப்படுகின்றன. எதுவும் முழுமையாக நிலைபெறவில்லை.

ஈடான ஒற்றைச்சொல் இல்லாமையைக் கருத்தின் இன்மையாகக் கொள்ள வேண்டியதில்லை. புரத்தல், ஓம்பல், காத்தல், தாங்கல் ஆகிய வினைகள் சங்க இலக்கியத்தில் ஒன்றோடொன்று பிணைந்து வருகின்றன. திருக்குறளின் இறைமாட்சி அதிகாரம் பொருள் வரும் வழிகளை உண்டாக்கல், திரட்டல், காத்தல், பங்கிடல் என்னும் நான்கையும் ஒரே திறனின் படிகளாக அடுக்குகிறது. இவ்வரிசையில் காத்தலோடு பொருள் நின்றுவிடுவதில்லை. பங்கிடலில்தான் அது நிறைவடைகிறது. இந்நான்கின் உறவு, விளைவதற்கு வெயிலும் அழிவதற்கு ஒரு மழையும் போதுமான உப்பு என்னும் பொருளில் எவ்வாறு அமைகிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

ஓய்மானாடும் எயிற்பட்டினமும்

சிறுபாணாற்றுப்படை 269 அடிகளால் ஆனது. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். மரக்காணத்திற்கு வடக்கே, கடலுக்கும் கழிக்கும் இடைப்பட்டுக் கிடக்கும் நிலப்பகுதி இன்றும் இடைக்கழிநாடு என்றே வழங்குகிறது. நல்லியக்கோடனின் கிடங்கில் இன்றைய திண்டிவனப் பகுதியில் உள்ளது. மதிலின் பெயரைக் கொண்ட பட்டினமாகப் பாட்டில் சுட்டப்படும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்பது அறிஞர் பலரின் கருத்து. பெரிப்ளூசு நூல் குறிக்கும் சோபட்மா என்னும் துறைமுகத்தையும் இதனோடு இணைத்துக் காண்பவர் உளர். மரக்காணம் பூமீசுவரர் கோயிலின் சோழர்காலக் கல்வெட்டுகள் இவ்வூரின் இடைக்கால வாழ்வுக்குச் சான்றாகின்றன.

ஆகவே பாடியவரின் ஊர்ப்பெயர், பாடப்பட்டவனின் தலைமையிடம், பாணன் ஆற்றுப்படுத்தப்படும் வழியின் முதற்பட்டினம் ஆகிய மூன்றும் ஒரே கடற்கரை வட்டாரத்தைச் சுட்டுகின்றன. 1889இல் உ.வே. சாமிநாதையரின் பத்துப்பாட்டுப் பதிப்பு வெளிவந்த பின்னர், இப்பாட்டின் ஊர்களை அடையாளம் காணும் முயற்சிகள் தொடர்ந்தன. எனினும் அம்முயற்சிகள் பெரிதும் வரலாற்று நிலவியலோடு நின்றன. ஊரை அடையாளம் கண்டபின் அவ்வூரின் விளைபொருள் பாட்டின் பொருளமைப்பில் என்ன பங்கு வகிக்கிறது என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை.

நல்லியக்கோடனைப் பாடும் புறநானூறு 176ஆம் பாடலும் இவ்விடத்தில் கருதத்தக்கது. ஓரை விளையாடும் மகளிர் சேற்றில் ஆமையின் முட்டையையும் ஆம்பற் கிழங்கையும் பெறுவதையும், மதகின்வழி நீர் ஒலித்து ஓடுவதையும் அது காட்டுகிறது. தலைவனின் பெருமைக்கு அடையாக அங்கு வருபவை ஈரநிலமும் அதன் சிறு விளைவுகளும் அதன் நீரைக் கட்டுப்படுத்தும் மதகுமே.

உப்பில்லாத கீரை

சிறுபாணாற்றுப்படையில் பெரிதும் எடுத்தாளப்பட்ட பகுதி பாணனின் அடுக்களைக் காட்சியாகும். கண் திறவாத குட்டிகளுக்குப் பாலூட்ட இயலாத நாய் குரைக்கிறது. கூரை சரிந்த அடுக்களையில் கறையானும் காளானும் மண்டியுள்ளன. பசியால் மெலிந்த கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பின்றி வேகவைக்கிறாள். அறியாதார் காண்பதற்கு நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தாரோடு சேர்ந்து உண்கிறாள்.

உரைமரபும் பிற்காலத் திறனாய்வும் இதனை வறுமையின் உச்சமாகவும் அவலச்சுவையின் சிறந்த எடுத்துக்காட்டாகவும் கண்டன. அது பொருத்தமான வாசிப்பே. ஆயினும் உப்பு விளையும் கடற்கரையின் தலைவனைப் பாடும் பாட்டில் வறுமைக்கு அளவுகோலாக உப்பின்மை வைக்கப்பட்டிருப்பது தனியே நோக்கத்தக்கது.

இதற்கு மறுப்பு ஒன்று எழக்கூடும். உப்பில்லாக் கீரை என்பது பாடாண்பாட்டின் பொதுக்கூறு. பெருஞ்சித்திரனார் குமணனைப் பாடிய புறநானூறு 159ஆம் பாடலிலும் அது வருகிறது. எனவே நிலத்தோடு அதனைப் பொருத்துவது மிகை எனலாம். மறுப்பு வலுவானதே. ஆனால் இரு இடங்களுக்கும் வேறுபாடு உண்டு. புறநானூற்றுப் பாடலில் உப்பின்மை, மோரின்மை, சோற்றை மறந்தமை ஆகியவை அடுக்கி வருகின்றன. சிறுபாணாற்றுப்படையில் இல்லாத பொருளாகப் பெயர் சுட்டப்படுவது உப்பு ஒன்றே. அடுக்களைக் காட்சி முடிந்து வழி தொடங்கும்போது பாணன் முதலில் சென்று சேரும் ஊர் கழிசூழ்ந்த நெய்தற்பட்டினம். பொதுமரபிலிருந்து எடுத்த கூறு, பாட்டின் நிலவரிசையில் வைக்கப்பட்டதால் தனிப்பொருள் பெறுகிறது.

அத்தனிப்பொருள் பங்கீடு பற்றியது. உப்பு அரிய பொருளன்று. கடலும் வெயிலும் உள்ள இடத்தில் அது விளையும். அப்படிப்பட்ட பொருளும் ஓர் அடுக்களையை எட்டவில்லை என்றால் குறை விளைவில் இல்லை, சென்றுசேர்வதில் உள்ளது. குறளின் நால்வகை வரிசையில் முறிவு நேர்ந்த இடம் நான்காவது படி. அவ்வறுமையிலும் கிணைமகள் தனித்து உண்ணவில்லை, சுற்றத்தோடு உண்கிறாள் என்பது கருதற்குரியது. பங்கிடல் என்னும் அறம் அரசனிடம் தோன்றுவதற்கு முன்பே அடைத்த கதவுக்குள் நிகழ்ந்துகொண்டிருக்கிறது.

கொடையும் நுகமும்

வள்ளல்கள் எழுவரையும் ஒருங்கே தொகுத்துரைக்கும் பகுதி இப்பாட்டின் மற்றொரு மையம். பேகன் மயிலுக்குப் போர்வை அளித்தான். பாரி முல்லைக்குத் தேர் ஈந்தான். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி வழங்கினான். காரி, ஆய், நள்ளி, ஓரி ஆகியோரின் செயல்களும் அவ்வாறே கூறப்படுகின்றன. இவை வேண்டுவோரின் தகுதியையோ நாளைய தேவையையோ எண்ணாத ஈகைகள். தமிழ் மரபு இதனைக் கொடைமடம் எனப் போற்றியது.

இப்பகுதியின் முடிவில் நல்லியக்கோடனைப் பற்றிய கூற்று வேறொரு படிமத்திற்கு நகர்கிறது. எழுவரும் பூண்ட ஈகை என்னும் நுகத்தை அவன் ஒருவனாகத் தாங்குகிறான் என்கிறது பாட்டு. இவ்வடிகளை எழுவருக்கும் அவன் நிகரானவன் என்னும் புகழ்ச்சியாக மட்டும் கொள்வது வழக்கம். ஆனால் நுகம் கொடைக்குரிய இயல்பான உவமையன்று. கொடை ஒரு கணத்தில் நிகழ்ந்து முடிவது. நுகம் வழி முடியும்வரை தோளில் இருப்பது. கொடுப்பவன் தன் பொருளைக் குறைத்துக்கொள்கிறான். நுகம் பூண்டவன் பிறர் பொருளை இழுத்துச் செல்கிறான். எழுவரின் தனித்தனி ஈகைகளைத் தொடர்பொறுப்பாக மாற்றும் வேலையை இவ்வுவமை செய்கிறது.

பாட்டின் இறுதியில் வரும் பரிசில் பகுதி இதற்கு அரண் சேர்க்கிறது. நல்லியக்கோடன் பாணனுக்கு ஊர்தியை மட்டும் அளிப்பதில்லை. அதனை இழுக்கும் எருதையும் செலுத்தும் பாகனையும் உடன் தருகிறான். பெற்ற பொருளைப் பயன்படுத்தவும் நிலைநிறுத்தவும் வேண்டிய துணையும் சேர்ந்ததே பரிசில் என்னும் கருத்து இங்குச் செயலாகிறது. முல்லைக்கு ஈந்த தேரோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். தேர் பெற்ற முல்லை அதனைச் செலுத்த வேண்டியதில்லை. ஊர்தி பெற்ற பாணன் அதில் ஊர் திரும்ப வேண்டும்.

வழியில் கிடைக்கும் விருந்துகளும் இவ்வகையிலேயே அமைகின்றன. எயிற்பட்டினத்தில் நுளைமகள் அரித்த தேறலைப் பரதவர் சுட்ட மீனோடு தருகின்றனர். வேலூரில் எயினர் குடிப்பெண்கள் புளியிட்ட சோற்றை ஆமான் இறைச்சியோடு அளிக்கின்றனர். ஆமூரில் உழவர் குடியினர் வெண்சோறும் நண்டும் படைக்கின்றனர். அரசனை அடையுமுன் பாணன் மூன்று நிலத்து மக்களின் அடுப்பில் உண்டுவிடுகிறான். நாட்டின் புரத்தல் அரண்மனையில் மட்டும் குவிந்திருக்கவில்லை. எயிற்பட்டினத்தில் அடுப்பு எரிவது அலை கொண்டுவந்து ஒதுக்கிய அகிற்கட்டைகளால். அவை படுத்துறங்கும் ஒட்டகங்களுக்கு உவமிக்கப்படுகின்றன. இதனை இன்றைய சூழலியல் கொள்கையாக மிகைப்படுத்தத் தேவையில்லை. கரையோர மக்களின் சிக்கனமான பயன்பாட்டைப் புலவர் கண்டிருந்தார் என்ற அளவில் கொள்ளலாம்.

உமணர் பாடல்கள் காட்டும் முன்னேற்பாடு

நுகம் என்னும் படிமத்தின் பின்னணியை உமணர் பாடல்கள் தெளிவாக்குகின்றன. எருது பூட்டிய வண்டிநிரைகளில் உப்பை உள்நாட்டுக்குக் கொண்டுசென்றவர்கள் உமணர். சிறுபாணாற்றுப்படையே கொற்கையைப் பாடும் இடத்தில் உமணரின் வண்டிநிரையோடு வந்த மந்தி, முத்திட்ட சிப்பியை உமணச் சிறுவரோடு கிலுகிலுப்பையாக ஆட்டும் காட்சியைத் தருகிறது. நுகம் பூண்ட எருது இந்நிலத்துப் புலவருக்கு அன்றாடக் காட்சி.

புறநானூறு 102இல் ஔவையார் பொகுட்டெழினியைப் பாடும்போது உமணரின் சேம அச்சை உவமையாக்குகிறார். வழியின் மேடுபள்ளம் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. ஆதலால் உமணர் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் செல்வர். தலைவன் அத்தகையவன் என்கிறது பாடல். பயன்படாத நாள்களிலும் சேம அச்சைச் சுமக்க வேண்டும். அது முறிவு நேரும் வாய்ப்பை ஒப்புக்கொண்ட முன்னேற்பாடு. வளம் பேணுதலுக்குச் சங்க இலக்கியம் தரும் மிகத் துல்லியமான உருவகம் இதுவே எனலாம். அது ஆட்சியாளரிடமிருந்து பிறக்காமல், உப்பு வணிகரின் தொழிலறிவிலிருந்து ஆட்சியாளருக்குக் கொடையாகச் சென்றது என்பது கவனிக்கத்தக்கது.

நற்றிணை 331 உப்பு விளைவிப்போரை உழாமல் விளைவிக்கும் உழவராகக் காட்டுகிறது. உமணர் வரும் காலம் நோக்கி அவர்கள் கானலில் குவித்துக் காவலிட்ட உப்புக் குவியலின்மேல் மகளிர் ஏறி நின்று, கடலில் வரும் படகுகளை இது என் தந்தையுடையது, அது உன் தந்தையுடையது என எண்ணுகின்றனர். காவலுக்குரிய பொருள் ஊர்ப் பெண்களுக்கு விலக்கப்பட்டதாக இல்லை. அதே உப்பின் நிலையாமையை நற்றிணை 88, கடலில் விளைந்த உப்பு மழையில் கரைவதாகக் கூறி அகத்துயருக்கு உவமையாக்குகிறது. அகநானூறு 140, 390 ஆகிய பாடல்களில் உமணப்பெண் உப்புக்கு நெல் நேர் என அளவு கூறி விற்கிறாள். குவித்தல், காத்தல், ஏற்றுதல், நேரளவில் மாற்றுதல் என்னும் வரிசை இப்பாடல்களில் முழுமையாக உள்ளது. சிறுபாணாற்றுப்படையின் அடுக்களையில் அற்றுப்போனது இவ்வரிசையின் இறுதிக் கண்ணியே.

பாத்தியின் அறிவும் பாட்டின் மௌனமும்

சிறுபாணாற்றுப்படையின் எல்லையும் இங்கேயே தொடங்குகிறது. உப்பின்மையைச் சொல்லும் அப்பாட்டு, தன் தலைவனின் கடற்கரையில் உப்பு விளைவிப்பவரைப் பாடவில்லை. எயிற்பட்டினப் பகுதியில் தாழையும் செருந்தியும் முள்ளியும் புன்னையும் உள்ளன. நுளைமகளும் பரதவரும் உள்ளனர். அளத்தில் நிற்பவர் இல்லை. தாங்குபவன் என்னும் பெருமை ஒருவனுக்கே வழங்கப்படுகிறது.

உப்பளத் தொழிலை அருகிருந்து நோக்கினால் இம்மௌனத்தின் அளவு விளங்கும். கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 3.5 பாகை போமே. தொழிலாளர் வழக்கில் டிகிரி. பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் செறிவூட்டி, ஏறத்தாழ 25 டிகிரியை அடையும்போது உப்பு படியத் தொடங்கும். 30 டிகிரியை நெருங்குமுன் எஞ்சிய நீரை வெளியேற்ற வேண்டும். தவறினால் மக்னீசிய உப்புகள் கலந்து விளைவு கசக்கும். கூடுதலாக எடுக்க முனைவது எடுத்ததையும் கெடுக்கும். எந்த இடத்தில் நிறுத்துவது என்னும் இவ்வறிவு, வளம் பேணுதலின் அடிப்படை அறிவு. ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழை பாத்திகளைக் கரைத்துவிடுகிறது. மழைக்குப்பின் வரப்பை உயர்த்தி, தரையை மிதித்து இறுக்கி, அளத்தை மீண்டும் உருவாக்கும் உழைப்பின்றி அடுத்த விளைச்சல் இல்லை. இப்பேணலைச் செய்வோர் பெரும்பாலும் நில உரிமை அற்றவர்கள்.

உரிமையும் பேணலும் பிரிந்துபோன வரலாறு நெடியது. சோழர்காலக் கல்வெட்டுகள் உப்பாயம் என்னும் உப்பு வரியைக் குறிக்கின்றன. சென்னை மாகாணத்தில் 1805இல் ஆங்கிலக் குழும ஆட்சி உப்பைத் தன் தனியுரிமையாக்கியது. 1882ஆம் ஆண்டின் உப்புச் சட்டம் அதனை மேலும் இறுக்கியது. நற்றிணை மகளிர் ஏறி நின்ற காவற்குவியல் இக்காலத்தில் மக்களிடமிருந்து காக்கப்படும் குவியலாயிற்று. சொல் மாறவில்லை, காவல் யாருக்காக என்பது மாறியது. 1930 ஏப்ரலில் இராஜாஜி தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியம் சென்ற உப்பு நடைப்பயணம் எழுப்பிய வினாவும் இதுவே.

உப்பு வரி நீங்கியபின்னும் அளத்தில் உழைப்பவரின் நிலை இலக்கியத்தில் இடம்பெற நாளாயிற்று. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் வாழ்வை ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ (1979) நாவலாக்கியது. வேதாரணியப் பகுதிப் பெண்களின் வாழ்வைச் சு. தமிழ்ச்செல்வியின் ‘அளம்’ (2002) உள்ளிருந்து காட்டியது. இவ்விரு நாவல்களும் வளம் பேணுதல் என்னும் பேச்சுக்கு ஒரு திருத்தம் அளிக்கின்றன. அளத்தின் வரப்பைப் பேணும் ஏற்பாட்டில் அதனை மிதிக்கும் கால்களைப் பேணுவதற்கு இடம் இல்லையெனில், அவ்வேற்பாட்டைப் பொறுப்பு எனக் கூற இயலாது. கிணைமகளின் அடுக்களையும் உப்பளப் பெண்ணின் அடுக்களையும் இவ்விடத்தில் ஒன்றையொன்று விளக்குகின்றன.

இன்றைய கழுவெளியும் காப்பு என்னும் சொல்லும்

பக்கிங்காம் கால்வாயின் தென்முனையாகிய மரக்காணத்தில் உப்பளங்களும், கழுவெளி என்னும் உவர்நீர் ஈரநிலமும், கடலோடு அதனை இணைக்கும் கழிமுகமும் ஒரே நீரமைப்பின் பகுதிகளாக உள்ளன. மழைக்காலத்தில் நன்னீர் நிறைவதும் கோடையில் உவர் ஏறுவதுமாகிய மாற்றமே அங்குப் பறவைக்கும் மீனுக்கும் உப்புக்கும் அடிப்படை. 2021 டிசம்பரில் கழுவெளி பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 1971ஆம் ஆண்டின் ராம்சர் உடன்படிக்கை வலியுறுத்தும் கருத்து ஈரநிலத்தை அறிவார்ந்த முறையில் பயன்படுத்துதல் ஆகும். அது பயன்பாட்டை முற்றும் விலக்குவதன்று.

பொதுவளம் கட்டற்ற பயன்பாட்டால் அழியும் என 1968இல் காரெட் ஹார்டின் வாதிட்டார். பயன்படுத்துவோரே விதி வகுத்துப் பொதுவளத்தை நீண்டகாலம் பேணியதை எலினோர் ஆசுட்ரம் 1990இல் வெளிவந்த தம் நூலில் பல நாட்டுச் சான்றுகளால் காட்டினார். நற்றிணையின் காவற்குவியலும் ஔவையின் சேம அச்சும் ஆசுட்ரத்தின் பக்கம் நிற்பவை. காப்பு என்னும் சொல் வேலி என்னும் பொருளில் சுருங்குமாயின், அந்நிலத்தை அறிந்து பேணியவர் அந்நிலத்திலிருந்தே விலக்கப்படும் இடர் உண்டு. பாரியின் முல்லையும் பேகனின் மயிலும் மனிதரல்லாத உயிர்க்கும் ஈகையில் பங்கு உண்டு என்பதற்குச் சான்றுகள். அதே பாட்டின் உப்பில்லா அடுக்களை, அவ்வீகையின் கணக்கில் மனிதர் விடுபடலாகாது என்பதற்குச் சான்று.

முடிவுரை

இவ்வாசிப்பின்வழிப் பெறப்படும் முடிவுகள் மூன்று. முதலாவது, சிறுபாணாற்றுப்படை கொடைப்பாட்டாக இருப்பினும் அதன் நடுவண் படிமம் நுகம். அது கொடையை ஒருநாட் செயலாக அன்றித் தொடர்பொறுப்பாக வரையறுக்கிறது. இரண்டாவது, உப்பின்மையை வறுமையின் அளவாக்கியதன்மூலம், காத்த பொருள் சென்றுசேராத இடத்தில் காத்தல் நிறைவடையவில்லை என்பதைப் பாட்டு உணர்த்துகிறது. மூன்றாவது, தாங்குதலைத் தலைவன் ஒருவனிடமே வைக்கும் பாடாண்மரபின் குறையை உமணர் பாடல்களும் உப்பள நாவல்களும் ஈடுசெய்கின்றன.

ஆற்றுப்படை நூல்களின் ஊர்களை அடையாளம் காணும் ஆய்வு, அவ்வூர்களின் விளைபொருளையும் உழைப்பையும் உட்கொண்டு விரிவடைய வேண்டும். பெரும்பாணாற்றுப்படையின் தொண்டைநாட்டு வழியும் பொருநராற்றுப்படையின் காவிரிப் பகுதியும் இம்முறையில் வாசிக்கப்படுமாயின், புரத்தல் என்னும் சொல்லின் நிலவேறுபாடுகள் தெளிவுபெறும். மரக்காணத்தைப் பொறுத்தவரை, ஈரநிலக் காப்புக்கான திட்டங்களில் பாத்தியின் அறிவுடையோருக்கு இடம் உண்டா என்பதே அத்திட்டங்களின் பொறுப்பை அளக்கும் முதல் வினாவாக அமையும்.